செவ்வாய் வெள்ளியில் கிளம்பாத கார்

எங்கள் கார் கிளம்பும்போது வரும் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. முதலில் தொண்டையைச் செருமுவதுபோல ஒரு கரகரப்பு. பிறகு ஒரு சின்ன நிசப்தம். அந்த நிசப்தத்தில் நான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பேன். அப்புறம் ஒரே உதறலில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டால் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எனக்குச் சந்தோஷம் ஏறும். பிடிக்காவிட்டால் தெருவே கூடிவிடும். அந்த ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் எங்கள் தெருவுக்கு வேடிக்கைப் பஞ்சமே இல்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. திருத்தணியில் ரயில் பாதைக்கும் மலைக்குப் போகும் சாலைக்கும் நடுவே எங்கள் வீடு. வீடு என்றால் முன்பாதியில் மனிதர்கள், பின்பாதியில் தறிகள். நைனா, எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், லுங்கி மூட்டைகளை மெட்ராசுக்கு எடுத்துப் போவதற்காக ஒரு பழைய கறுப்புக் காரை வாங்கியிருந்தார். அவர் வாங்கும்போதே அது பல கை மாறி வந்த வண்டி. டிக்கியில் மூட்டை, பின்சீட்டில் மூட்டை, பக்கத்து சீட்டில் மூட்டை. "ஒங்க மடி ஒண்ணுதான் காலியா கீது" என்று அம்மா கேலி செய்வாள். பிறகு நைனாவுக்குக் கண்ணில் புரை வந்து ஆபரேஷன் ஆயிற்று. சோடாபுட்டிக் கண்ணாடி மாட்டிவிட்டு, இனிமேல் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். மூட்டைகள் லாரியில் போக ஆரம்பித்தன. கார் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சும்மா நின்றது.

நானும் சும்மாத்தான் இருந்தேன். டீச்சர் டிரெயினிங் முடித்துவிட்டு, நைனாவிடம் அடம்பிடித்து அரக்கோணத்தில் டிரைவிங்கும் கற்றுக்கொண்டு, இரண்டுக்கும் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. அம்மையார்குப்பம் போகும் வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். அறிவியல் டீச்சர். இப்போதைக்குத் தற்காலிகம்தான், ஒழுங்காக இருந்தால் நிரந்தரம் ஆக்குவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த நிமிடமே பஸ் விசாரிக்கப் போனேன். முதல் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி, அங்கிருந்து நடந்து போய்ச் சேர்ந்தால் பிரேயர் முடிந்து முதல் பாடமும் முடிந்திருக்கும்.

பக்கத்து வீட்டில் இருந்த பெரியநைனா, அதாவது நைனாவின் அண்ணன், இதைக் கேட்டு நிம்மதியாகிவிட்டார். "அப்புறம் இன்னா, உட்டுத் தள்ளு. நல்ல எடம் ஒண்ணு வந்துகினு கீது. தையில முடிச்சிடலாம்" என்றார். எங்கள் வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. நைனா கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார். பேசியது அம்மாதான். அதுவும் தாம்பாளத்தில் மாவு சலித்துக்கொண்டே, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் பேசினாள்.

"வண்டியும் சும்மா நிக்கிது, பொண்ணும் சும்மா நிக்கிது. ரெண்டுத்தையும் ஒண்ணா அனுப்புனா இன்னா?"

பெரியநைனா சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னிடம் ஒரு ஒப்பந்தம் பேசிக்கொண்டார். வேலை நிரந்தரம் ஆனால் அவர் குறுக்கே நிற்க மாட்டார். ஆகாவிட்டால் தையில் அவர் காட்டுகிற இடத்துக்கு நான் தலையாட்ட வேண்டும். "ஆங், சரி" என்று நான் பட்டென்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கு எப்போதும் அவசரம்தான்.

முதல் நாள் ஒரு புதன்கிழமை. சாவியைப் போட்டு, எஞ்சினைச் சுற்ற வைக்கும் செல்ஃப் குமிழை இழுத்தேன். ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்து கார் ஜன்னலுக்குள் கையை நீட்டினாள், எனக்கு நெற்றியில் வைக்க. "வேணாம்மா. போய்ச் சேர்றதுக்குள்ள வேர்த்து மூக்கு மேல வழியும். பசங்க சிரிப்பாங்க" என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு கியரைப் போட்டேன். தெரு வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். சைக்கிளில் நூல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒருவர் இறங்கி ஓரமாக நின்று, டிரைவர் சீட்டில் இருப்பது பெண்தானா என்று குனிந்து பார்த்தார். தேர் போகும்போதுகூட அவ்வளவு பேர் எட்டிப் பார்த்து நான் பார்த்ததில்லை. ஊரைத் தாண்டி, வேர்க்கடலைக் கொல்லைகள் இரண்டு பக்கமும் விரிந்ததும், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு ஒரு பாட்டுப் பாடினேன். எந்தப் பாட்டு என்று நினைவில்லை. பாடியது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த வாரத்தின் வெள்ளிக்கிழமை கார் கிளம்பவில்லை.

செல்ஃப் குமிழை இழுத்தேன். எஞ்சின் நன்றாகவே சுற்றியது. சுற்றியது, சுற்றியது, பிடிக்கவே இல்லை. நைனா முன்னால் போய் ஹேண்டிலைச் செருகிச் சுற்றினார். அவருக்கு வேர்த்ததுதான் மிச்சம். தெருவில் இருந்தவர்கள் வந்து, அவரவர் அறிவை இறக்கி வைத்தார்கள். பெட்ரோல் இல்லை என்றார் ஒருவர். இருந்தது. பேட்டரி செத்துப்போச்சு என்றார் இன்னொருவர். செத்த பேட்டரி எஞ்சினை இவ்வளவு வேகமாகச் சுற்றுமா என்று நான் கேட்டேன். பொம்பளைப் பிள்ளைக்கு எவ்வளவு வாய் பார் என்றார் அவர். கடைசியில் எல்லாரும் சேர்ந்து தள்ளினார்கள். சரிவு முடியும் வரை தள்ளியும் கார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றுகொண்டது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக்குக்கு ஆள் போனது. அவர் நாஸ்தா முடித்து, வெயில் ஏறின பிறகு வந்தார். பானட்டைத் திறந்தார். எதையோ துடைத்தார், எதையோ கழற்றி ஊதினார், மாட்டினார். "இப்ப இழும்மா" என்றார். இழுத்தேன். ஒரே இழுப்பு! தெருவே கைதட்டியது. நான் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தபோது தலைமையாசிரியர் கேட்டுக்கு வெளியே நின்று, தன் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

திங்கட்கிழமை கார் தங்கமாகக் கிளம்பியது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் மக்கர். புதன், வியாழன் ஒரு தொல்லை இல்லை. வெள்ளிக்கிழமை தெரு கூடிவிட்டது.

மெக்கானிக் கெட்டிக்காரர், சோம்பேறியும் இல்லை. "எஞ்சின் கெளம்ப மூணுதாம்மா வேணும். பெட்ரோலு, காத்து, நெருப்பு. இதுல ஏதோ ஒண்ணு காலைல வர்ல" என்று எனக்குச் சொன்னார். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வகுப்பில் போர்டில் எழுதிப் போடுகிற மாதிரி சுத்தமாக இருந்தது. ஒரு வாரம் கார்பரேட்டரைக் கழற்றி அலசினார். அடுத்த வாரம் பிளக்குகளைச் சுரண்டி நெருப்பு வருகிறதா என்று பார்த்தார், பளீரென்று வந்தது. அப்புறம் பிளக்குக்கு நெருப்பு தரும் காயிலை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் அவர் கை வைத்ததும் கார் கிளம்பியது. ஒவ்வொரு தடவையும் நோய் தீர்ந்தது என்று நான் குதித்தேன். அடுத்த செவ்வாயோ வெள்ளியோ வந்ததும் என் குதிப்பு அடங்கும்.

பெரியநைனாவுக்கு மட்டும் இதில் எந்தக் குழப்பமும் இல்லை. வேப்பங்குச்சியால் பல் விளக்கிக்கொண்டே கொட்டகை வாசலில் நிற்பார். "செவ்வா வெள்ளில வீட்டுப் பொருளு வெளியப் போவாதும்மா. அது லட்சுமி. வண்டிக்குத் தெரியிது, உனுக்குத் தெரியல" என்பார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். எரிச்சல் ஏன் அதிகம் என்றால், கிழமைக் கணக்கு அவர் பக்கம் அப்படியே ஒத்துப் போனது. அறிவியல் டீச்சர் நான். கார் பஞ்சாங்கம் பார்க்கிறது என்று எப்படி ஒப்புக்கொள்வது?

பனிதான் காரணம் என்று நான் முடிவு கட்டினேன். கொட்டகையின் திறந்த பக்கத்தைத் தட்டி கட்டி அடைத்தேன். ராத்திரி பானட் மேல் பழைய ஜமுக்காளத்தைப் போர்த்தினேன். போர்த்திய பின்னும் செவ்வாய்க்கிழமை கிளம்பவில்லை. பனி கிழமை பார்த்தா பெய்கிறது? அப்புறம் கிருத்திகை வந்தது. அந்த மாதம் அது ஒரு புதன்கிழமை. மலைக்குப் போகிற கூட்டம் எங்கள் தெரு வரைக்கும் காவடியும் மேளமுமாக நிறைந்திருந்தது. அன்றைக்கும் கார் கிளம்பவில்லை. எனக்கு ஒரே குஷி. "பாத்தியா பெரியநைனா, இன்னைக்கி புதன்!" என்று கத்தினேன். அவர் குச்சியை வாயிலிருந்து எடுத்து, "கிருத்திகைன்னா சும்மாவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். கார் கிளம்பாததற்குச் சந்தோஷப்பட்டுக் கத்தியது தெருவிலேயே நான் ஒருத்திதான்.

அம்மா மட்டும் காரணம் ஒன்றும் சொல்ல மாட்டாள். நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போது பக்கத்தில் வந்து நிற்பாள். முகம் வாடியிருக்கும். "நாளைக்கி எட்துக்கும்டி. நான் வேண்டிகினு கீறேன்" என்பாள். காருக்கு அவள் பொட்டு வைப்பது எனக்குத் தெரியும். முன்கண்ணாடியில், ஸ்டியரிங்கில், நான்கு கதவுகளில் சந்தனம் குங்குமம் இருக்கும். திருத்தணியில் பொட்டு இல்லாத வண்டி எங்கே இருக்கிறது? மலைக்குப் பூஜைக்கு வருகிற லாரிகளுக்கு மாலை போட்டால் டிரைவருக்கு ரோடே தெரியாது. அதை யாரும் கவனிப்பதே கிடையாது. மெக்கானிக்கும் பானட்டைத் திறந்ததும், உள்ளே காய்ந்து கிடந்த சந்தனத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் ஸ்பானரை எடுப்பார்.

மார்கழி பிறந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். குடையை மேசை மேல் வைத்துவிட்டு, அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"டீச்சர், பாடம் நல்லா நடத்துறீங்க. அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா உங்க கார் வாரத்துல ரெண்டு நாள் லீவு போடுது. டெபுடி இன்ஸ்பெக்டர் வராரு. உங்க வகுப்பதான் பாக்கப் போறாரு. பிரேயர்ல நீங்க நிக்கலன்னா, நிரந்தரத்துக்கு என்னால சிபாரிசு பண்ண முடியாது."

"என்னைக்கு சார் வராரு?"

"வர்ற வெள்ளிக்கிழமை."

வெள்ளிக்கிழமை! முந்தின நாளே போய் அந்த ஊரிலேயே தங்கிவிடலாம் என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். கல்யாணம் ஆகாத பெண் முன்பின் தெரியாத வீட்டில் தங்குவதா என்று பெரியநைனா ஒரே குதி குதித்தார். வாடகைக் காரா? மார்கழி வெள்ளிக்கிழமையில் ஊரிலிருக்கும் வாடகைக் கார் எல்லாம் மலைக்கு ஆள் ஏற்றப் போய்விடும். இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எனக்கு ரோஷம். இந்தக் கறுப்புப் பூதத்தை அந்த வெள்ளிக்கிழமையில் கிளப்பியே தீருவது என்று இருந்தேன். தை பிறக்க அதிக நாள் இல்லை. பெரியநைனா வீட்டில் ஜாதகம் வந்து காத்திருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் மெக்கானிக் வந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் போனார். சோதிக்க ஒரு தடவை இழுத்தோம். கண் சிமிட்டும் நேரத்தில் கிளம்பியது. "நாளைக்கும் இதே மாதிரிதாம்மா" என்றார். நான் நம்பினேன். இன்ஸ்பெக்ஷனுக்கு வைத்திருந்த பாடத்தைப் படித்துவிட்டுப் படுத்தேன். மின்சாரத்தைக் கடத்தும் பொருள்கள், கடத்தாத பொருள்கள் என்பதுதான் பாடம்.

வெள்ளிக்கிழமை இன்னும் விடியவில்லை. எங்கள் தறியில் நெய்த கோதுமை நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு, சார்ட்டுகளைச் சுருட்டிப் பின்சீட்டில் போட்டேன். கொட்டகைக்குள் ஒரே இருட்டு. தட்டி கட்டி அடைத்தது நான்தானே. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து குமிழை இழுத்தேன். எஞ்சின் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தேன். பிடிக்கவில்லை. நைனா ஹேண்டிலைச் சுற்றினார். பிடிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு கோபமும் வந்தது. கோபம் வந்தால் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும். இத்தனை நாளும் நான் சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறேன்; கிளம்பாத நேரத்தில் பானட்டுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நாளும் நான் பார்த்ததில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. மெக்கானிக்கும் பார்த்ததில்லை. அவர் வருவதே வெயில் ஏறிய பிறகு.

சீட்டிலிருந்து குதித்தேன்.

"நைனா, நீ ஏறி ஒக்காரு. நான் சொல்லும்போது செல்ஃப இழு."

"எனுக்குக் கண்ணு சரியாத் தெரியாதேம்மா."

"இழுக்குறதுக்குக் கண்ணு எதுக்கு நைனா? கை போதும்."

அவர் ஏறினார். முன்பக்கம் போய்ப் பிடியைத் திருகி பானட்டைத் தூக்கினேன். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை, கும்மிருட்டு. "இழு!" என்றேன்.

எஞ்சின் சுற்ற ஆரம்பித்தது. அந்த இருட்டுக்குள் நீலமாக ஒன்று மின்னியது. நூறாம் நம்பர் நூலைவிட மெல்லிசாக, ஒரு நெருப்பு இழை குதித்தது. மறைந்தது. இன்னொரு பக்கம் குதித்தது. எங்கே? பிளக்குகளுக்கு நெருப்பைப் பங்கு போட்டு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறதே, அதன் கறுப்பு மூடியின் மேல். அந்த மூடியிலிருந்துதான் ஐந்து ஒயர்கள் கிளம்பும். நெருப்பு ஒயருக்குள் போகாமல், ஒயர் விட்டு ஒயர் தாவி, மூடியின் மேலேயே நீல நீலமாக ஊர்ந்துகொண்டிருந்தது. போக வேண்டிய இடத்துக்கு ஒரு பொறிகூடப் போகவில்லை. இவ்வளவு அழகான ஒன்றை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "நைனா! நெருப்பு வெளிய ஓடுது! நெருப்பு வெளிய ஓடுது!" என்று கத்தினேன்.

"வண்டி பத்திகிச்சா?" என்று அவர் பதறிப்போய்க் கீழே குதித்தார்.

"பத்திக்கல நைனா, அதான் தொல்லையே!"

டார்ச்சை எடுத்து அடித்தேன். மூடியின் உச்சியில், ஐந்து ஒயர்களுக்கு நடுவில், அப்போதுதான் வைத்த சந்தனப் பொட்டு. பெரிய பொட்டு. அதன் நடுவில் குங்குமம், பக்கத்தில் குழைத்த விபூதிப் பட்டை. எல்லாம் சொதசொதவென்று ஈரம். ஒயர்களின் அடி வரைக்கும் வழிந்திருந்தது. சுண்டுவிரலால் தொட்டேன், ஜில்லென்று இருந்தது.

அந்த ஜில்லென்ற தொடலில் எல்லாம் வரிசையாக வந்து நின்றது. செவ்வாய், வெள்ளி, கிருத்திகை. அம்மா விடியும் முன் தலைக்குக் குளித்துவிட்டு, சந்தனம் அரைத்துச் சாமி கும்பிடுகிற நாட்கள். வருஷக்கணக்காக நைனா இந்தக் காருக்கு ரேடியேட்டர் தண்ணீர் ஊற்றும்போது செம்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவள் அவள். பானட்டை எப்படித் திறப்பது என்று அவளுக்குத் தெரியாதா? கண்ணாடிக்கும் கதவுக்கும் பொட்டு வைத்தவள், வண்டியின் உயிர் இருக்கும் இடத்தை விடுவாளா? வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் கார் கிளம்பும். கிளம்பின பெருமை மெக்கானிக்குக்குப் போகும். கார் கிளம்பாத வருத்தத்தில் அம்மா அடுத்த தடவை பொட்டை இன்னும் கொஞ்சம் பெரிதாக வைப்பாள். அன்றைக்கு இன்ஸ்பெக்ஷன் என்பதால் பட்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறாள்.

துணி தேட நேரம் இல்லை. கோதுமை நிறப் புடவையின் முந்தானையை இழுத்து மூடியைத் துடைத்தேன். ஒயர்களின் அடியைத் துடைத்தேன். உலர்ந்த பக்கத்தைத் திருப்பி இன்னொரு தடவை துடைத்தேன். "இப்ப ஏறி இழு நைனா!"

அந்தச் சத்தம்! கரகரப்பு, ஒரு நிசப்தம், உடனே பிடித்துக்கொண்டது! தகரக் கொட்டகை முழுக்க அதிர்ந்தது. நான் பானட்டைப் படாரென்று சாத்திவிட்டு அங்கேயே இரண்டு காலும் தரையில் படாமல் குதித்தேன். நைனா உள்ளே உட்கார்ந்தபடியே ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டு சிரித்தார்.

அதற்குள் பின்கட்டிலிருந்து அம்மா ஓடி வந்தாள். ஈரக் கூந்தலில் துண்டு, கையில் அதே சந்தனக் கிண்ணம். அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சியை நான் எதோடும் ஒப்பிட மாட்டேன்.

"எட்துகிச்சா! எட்துகிச்சி பாத்தியாடி! இன்னைக்கி வண்டிக்கி நெஞ்சிலயே பட்ட போட்டு வேண்டிகினேன். வெள்ளிக்கெழமையும் அதுவுமா எட்துகிச்சி பாரு!"

நைனா சிரிப்பை நிறுத்திவிட்டு, "அது இல்லடி..." என்று வாயைத் திறந்தார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். "நைனா, நேரமாவுது" என்றேன். முந்தானையைச் சுருட்டி மடியில் ஒளித்துக்கொண்டு சீட்டில் ஏறினேன். கொட்டகையை விட்டு வெளியே வந்ததும் பெரியநைனா வேப்பங்குச்சியும் வாயுமாக வாசலில் நிற்பது தெரிந்தது. ஹாரனை ஒரு அழுத்து அழுத்தினேன். குச்சி கீழே விழுந்தது.

அன்றைக்கு நான் எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். கிழக்கே வெளுத்துக்கொண்டு வந்தது. வழியில் ஒவ்வொரு ஊரிலும் தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. நான் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டே போனேன். இத்தனை மாதமாக ஊரே தேடிய திருடனை நானே, என் கண்ணால், கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். ஆனால் திருடன் யார் என்று நினைக்கும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

தலைமையாசிரியர் வருவதற்கு முன்பே நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பிரேயரில் முதல் வரிசையில் நின்றேன். டெபுடி இன்ஸ்பெக்டர் என் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து, மின்சாரம் எதில் போகும், எதில் போகாது என்று பிள்ளைகளிடம் என்னைக் கேட்கச் சொன்னார். ரப்பரில் போகாது, உலர்ந்த கட்டையில் போகாது என்று பிள்ளைகள் சொன்னார்கள். "ஈரச் சந்தனத்தில்?" என்று நான் கேட்டேன். வகுப்பு சிரித்தது. நான் முந்தானையைப் பிரித்துக் காட்டினேன். மஞ்சளும் சிவப்பும் கரியுமாகக் கறை. நடந்ததைச் சொல்லச் சொல்ல அவர் பேனாவை மூடிவிட்டுக் கேட்டார். போகும்போது தலைமையாசிரியரிடம், "இந்த டீச்சரை விட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நிரந்தரத்துக்கு அன்றைக்கே சிபாரிசு எழுதிவிடுவதாகத் தலைமையாசிரியர் என்னிடம் சொன்னார்.

பறந்து வந்தேன் வீட்டுக்கு. வேலை நிரந்தரம் என்று தெருமுனையிலிருந்தே கத்த வேண்டும்போல இருந்தது. வாசலில் நைனா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். எனக்குப் புரிந்துவிட்டது. அவர் சொல்லிவிட்டார்.

அம்மா பின்கட்டில் கிணற்றடியில் இருந்தாள். சந்தனக் கல்லைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வேலைய நிரந்தரம் பண்றாங்களாம்மா" என்றேன். தலையாட்டினாள். அப்புறம் என் முந்தானையை எடுத்து, அந்தக் கறையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நான் வெச்ச பொட்டாடி உன்ன நிறுத்திகினு இருந்திச்சி, இத்தினி நாளா?"

"ஈரந்தாம்மா. நீ இல்ல."

"தெருவுல ஆளுங்க தள்ளிகினு போவும்போது நெஞ்சு பதறும் எனுக்கு. இன்னும் நல்லா வேண்டணும்னு இன்னும் பெருசா வெச்சேன்." கறையை மறுபடி தடவினாள். "உனுக்குத்தான் வெக்கலாம்னு மொத நாளே வந்தேன். நீ வேணாம்னு தலைய இஸ்துகினே. அதான் வண்டிக்கி வெச்சேன்."

அவள் தோளில் சாய்ந்துகொண்டேன். அவளே, "நீலமா ஓடிச்சாமே? அவரு சொன்னாரு. எனுக்கும் ஒரு நாளு காட்டுடி" என்றாள். நான் அழுதுகொண்டே சிரித்துவிட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிகாலை, தெருவில் ஆட்கள் வழக்கம்போலக் கூடியிருந்தார்கள். தள்ளத் தயாராகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுகூடச் சிலர் நின்றார்கள். பெரியநைனா புதுக் குச்சியோடு வந்திருந்தார். நான் சீட்டில் உட்கார்ந்து குமிழில் கை வைத்தேன். அம்மா தலைக்குக் குளித்துவிட்டு, கிண்ணத்தோடு கொட்டகைக்கு வந்தாள். பானட் பக்கம் போகவில்லை. கதவோரம் வந்து ஜன்னலுக்குள் கையை விட்டாள். நான் தலையை வெளியே நீட்டினேன். என் புருவத்துக்கு நடுவில் ஈரமாக, பெரிதாக ஒரு பொட்டு வைத்தாள். பக்கத்தில் விபூதியும் இழுத்தாள்.

"இப்ப இழு" என்றாள்.

ஒரே இழுப்பில் எடுத்துக்கொண்டது. ஊரைத் தாண்டுவதற்குள் சந்தனம் மூக்கு மேல் வழிய ஆரம்பித்தது. நான் துடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் பசங்க சிரித்தார்கள்.